கொச்சித் துறையில் கப்பலேறிய சொற்கள்

தமிழ்நாட்டை விட்டுப் பிற மாநிலங்களிற் சென்று வாழும் தமிழர் பலர்க்கும் பொதுவான ஓர் அனுபவம் உண்டு. அலுவலகத்திலோ கடைத்தெருவிலோ நாம் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்கள் பேசி முடிப்பதற்குள், 'இவர் தெற்கேயிருந்து வந்தவர்' என்று கேட்பவர் தெரிந்துகொள்வர். சிலர் தெரிந்துகொண்டதோடு நில்லாமல் முறுவலிக்கவும் செய்வர். எழுத்துக்கு ஏற்ற ஒலி என்னும் நெறியிற் பழகிய நாக்கு நம்முடையது. ஆங்கிலமோ எழுதுவது ஒன்று, ஒலிப்பது மற்றொன்று என்னும் இயல்புடையது. ஆகவே நாம் இடறுவது இயற்கையே.

ஆனால் இந்தக் கணக்கிற்குப் பற்று மட்டுமன்று, வரவும் உண்டு. ஆங்கில அகராதியில் இடம் பெற்று, உலகெங்கும் வழங்கும் சொற்களுட் சில நம்முடைய கரைகளிலிருந்து சென்றவை. அவற்றை முதன்முதற் கேட்ட அயல்நாட்டார் நம்மைப் போலவே இடறினர். தங்கள் நாவுக்கு எட்டியவாறு ஒலித்தனர். தங்கள் காதிற்பட்டவாறு எழுதினர். அந்தத் திரிபுகள் வெறும் பிழைகள் அல்ல. யார் கேட்டார், யாரிடம் கேட்டார், எந்தக் கரையிற் கேட்டார் என்பதற்கெல்லாம் அவையே சான்றுகள். அந்தச் சான்றுகளை ஆராய்வதற்குக் கொச்சியைச் சார்ந்த மட்டாஞ்சேரியை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

மட்டாஞ்சேரி ஒரு பழைய வாணிகச் சேரி. காயலின் கரையை ஒட்டிப் பசார் சாலை செல்கிறது. அதன் இருமருங்கிலும் மிளகும் இஞ்சியும் ஏலமும் அடுக்கி வைப்பதற்கென்று கட்டிய பண்டகசாலைகள் நிற்கின்றன. யூதர் தெருவில் 1568இல் எழுந்த பரதேசி யூதர் வழிபாட்டுக்கூடம் உள்ளது. அதன் அருகே போர்த்துக்கீசியர் 1555ஆம் ஆண்டளவில் கட்டிக் கொச்சி மன்னர்க்கு அளித்த அரண்மனை இருக்கிறது. பின்னாளில் டச்சுக்காரர் அதனைப் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்றே பெயர் பெற்றது. கொங்கணியர், குஜராத்தியர், யூதர், தமிழர் எனப் பல மொழியினரும் இங்கு வாணிகத்தாலும் தொழிலாலும் வந்து கூடினர். 1967இல் கொச்சி மாநகராட்சி அமைந்தபோது இவ்வூர் அதனோடு இணைந்தது.

இக்கரையின் வாணிகம் மிகப் பழமையானது. யவனர் பொன் கொணர்ந்து மிளகு பெற்றுச் சென்ற முசிறித் துறையைச் சங்க நூல்கள் பேசுகின்றன. 1341இல் பெரியாற்றில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் முசிறியின் துறை தூர்ந்து, கொச்சியின் முகத்துவாரம் ஆழமுற்றது என்பர். 1500இல் கபிரால் என்னும் போர்த்துக்கீசியத் தலைவன் கொச்சிக்கு வந்தான். 1503இல் அங்கே கோட்டை எழுந்தது. 1663இல் டச்சுக்காரர் அதனைக் கைப்பற்றினர். 1795இல் அது ஆங்கிலேயர் கைக்கு மாறியது. ஒன்றன்பின் ஒன்றாக மூன்று அயல்மொழிகளின் செவிகள் இத்துறையில் நம் சொற்களைக் கேட்டன என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

அவ்வாறு கேட்டவர்கள் புலவர்கள் அல்லர். கணக்கர், மாலுமிகள், தரகர்கள் ஆகியோரே. மூட்டையைச் சுட்டி 'இது யாது?' என்று கேட்டிருப்பர். கிடைத்த விடையைக் கணக்கேட்டில் எழுதிக்கொண்டிருப்பர். நம்முடைய டகரமும் றகரமும் அவர்கள் மொழியில் இல்லை. இல்லாத ஒலிக்குப் பதிலாகத் தம்மிடம் இருந்த ஒலியை வைத்தனர். இந்த ஒரு செயலினாலேயே பல சொற்களின் உருவம் மாறிவிட்டது.

கயிறு என்னும் சொல்லை முதலில் எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இது கயர் என்றும் வழங்கும். போர்த்துக்கீசியர் இதனைக் 'கைரோ' என்று எழுதினர். பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்திற் புகுந்த இச்சொல் இன்று சி, ஓ, ஐ, ஆர் என்னும் நான்கு எழுத்துகளால் எழுதப்பெற்று, 'கொய்ர்' என்று ஒரே அசை போல ஒலிக்கப்படுகிறது. 'காயிர்' என்று நாம் எழுத்துக்கூட்டி வாசிப்பது மூலச்சொல்லுக்குச் சற்று அருகிலேயே நிற்கிறது! ஒலி மட்டுமன்று, பொருளும் மாறியது. நமக்குக் கயிறு என்பது எந்த நாரினாலும் திரித்த வடம். ஆங்கிலத்தில் இச்சொல் தேங்காய் மட்டையின் நாரையே குறிக்கும். திரிப்பதற்கு முன்னும் அதுதான் பெயர். வாங்கியவர்க்கு வேண்டியது நார். விற்றவர் சொன்னது கயிறு. 1859இல் ஜேம்ஸ் டாரா என்பவர் ஆலப்புழையில் கயிற்றுப்பாய் நெய்யும் தொழிற்சாலையை நிறுவிய பின்னர் அந்தச் சொல் உலகத்து வீட்டு வாசல்களிலெல்லாம் மிதியடியாகக் கிடக்கும் நிலை பெற்றது.

அடுத்து, தாம்பூலத் தட்டைப் பார்ப்போம். வெற்றிலையை மலையாளத்தார் 'வெற்றில' என்பர். போர்த்துக்கீசியர் காதில் வகரம் பகரமாகப் பட்டது. 'பெத்தெல்' என்று அவர்கள் எழுதியதை ஆங்கிலேயர் 'பீட்டில்' என்று ஒலிக்கின்றனர். வண்டினைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் எழுத்தில் வேறுபாடு உண்டு, ஒலியில் இல்லை. பாக்கின் பெயரும் இவ்வாறே சென்றது. அடைக்காய் என்பது தமிழில் பாக்குக்குரிய பழம்பெயர். மலையாளத்தில் அது அடய்க்கா. இடையில் வரும் டகரத்தை நாவை மடித்து மெலிதாக ஒலிக்கிறோம். அந்த ஒலி போர்த்துக்கீசியர்க்கு ரகரமாகவே கேட்டது. ஆகவே அடய்க்கா 'அரெக்கா' ஆயிற்று. பயிர்நூலார் பாக்குமரத்திற்கு 1753இல் இட்ட பெயரிலும் இந்த அரெக்காவே முன்னிற்கிறது.

இத்தனை தெளிவாக இரண்டு பெயர்கள் இருந்தும், ஆங்கிலேயர் பாக்கினை 'வெற்றிலைக் கொட்டை' என்று பொருள்படும் தொடரால் வழங்கலாயினர். இலையையும் பாக்கையும் ஒருங்கே மெல்லுவதைக் கண்டு, இரண்டும் ஒரே செடியினின்று வந்தவை என எண்ணிவிட்டனர் போலும். வெற்றிலை கொடியிற் படர்வது. பாக்கு மரத்திற் காய்ப்பது. இதனை நம் வீட்டுச் சிறுவனும் அறிவான். ஆனால் பிழைபட்ட அத்தொடர் இன்றுவரை ஆங்கிலத்தில் நிலைத்திருக்கிறது.

இனி ஒரு வழக்கு. மாங்காய் என்பதிலிருந்து 'மேங்கோ' வந்தது என்று நாம் பெருமையோடு கூறுவதுண்டு. மலையாளத்தார் அது தங்கள் 'மாங்ங' என்பர். யார் கூறுவது சரி? தமிழில் மாங்காய் என்றால் காய். கனிந்தபின் அது மாம்பழம். மலையாளத்தில் மாங்ங என்பது காய்க்கும் கனிக்கும் பொதுப்பெயராக வழங்கும். போர்த்துக்கீசியர் 'மங்கா' என்று கனிக்கே பெயரிட்டனர். அவர்கள் முதலில் இறங்கியதும் மேற்குக் கரையில். ஆகவே மலையாளத்தார் பக்கமே சான்று மிகுதி என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். பலாவின் நிலை இன்னும் தெளிவு. ஆங்கிலத்தில் அதன் பெயர் 'ஜேக்'. பலா என்னும் தமிழ்ச் சொல்லில் இந்த ஒலிக்கு இடமே இல்லை. மலையாளத்துச் 'சக்க'யே போர்த்துக்கீசியரிடம் 'ஜாக்கா' ஆகிப் பின் ஜேக் ஆயிற்று. நாஞ்சில் நாட்டுத் தமிழர் பலாப்பழத்தைச் சக்கை என்றே வழங்குவதை எண்ணும்போது, மலைக்கு இப்பாலும் அப்பாலும் சொற்கள் எவ்வளவு தாராளமாக உலவின என்பது விளங்கும்.

அகராதி செய்தோர் இவ்விரு மொழிகளுக்கும் இடையே தடுமாறியதற்குக் காரணமும் உண்டு. போர்த்துக்கீசியர் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்து 'மலபார் மொழி' என்றனர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் தமிழ் நூலின் முகப்பில் மொழியின் பெயர் மலபார் தமிழ் என்றே காணப்படுகிறது. மறு ஆண்டு, 1579இல், 'கிரிசித்தியானி வணக்கம்' என்னும் தமிழ் நூல் கொச்சியிலேயே அச்சேறியது. இரண்டையும் தமிழில் ஆக்கியவர் என்றிக்கே என்றிக்கஸ் என்னும் பாதிரியார். தமிழ் அச்சின் தொடக்க காலத்தில் கொச்சிக்கு இத்தகைய இடம் உண்டு என்பதைத் தமிழர் மறத்தலாகாது. அதே வேளையில், 'மலபார்' என்று பழைய ஏடு ஒன்று கூறினால், அது எந்த மொழியைக் குறிக்கிறது என்று ஆராயாமல் உரிமை கொண்டாடுதலும் ஆகாது.

கிழக்குக் கரையிலிருந்து சென்ற சொற்கள் வேறு வகையின. அவற்றிற் பல போர்த்துக்கீசியர் செவி வழியாக அன்றி, பதினேழாம் நூற்றாண்டிலும் அதன் பின்னரும் சோழமண்டலக் கரைக்கு வந்த பிறர் செவி வழியாகச் சென்றன. கட்டுமரத்தை 1697இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் மாலுமி குறிப்பிடுகிறார். இன்று அது 'கேட்டமரேன்' என்று கடையசை அழுத்தத்தோடு ஒலிக்கப்படுகிறது. பொருளோ இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகு. மிளகுத்தண்ணீர் 'மலிகட்டானி' என்னும் பெயரோடு விருந்து மேசை ஏறிற்று. சுருட்டு என்பது ஆங்கிலத்தில் 'ஷெரூட்' என ஒலிக்கிறது. சகரம் ஷகரமானது எவ்வாறு? அச்சொல் பிரெஞ்சுக்காரர் எழுதிய முறையில் ஆங்கிலத்தை அடைந்தது. சி, எச் என்னும் இரண்டெழுத்தைப் பிரெஞ்சு மொழியார் ஷகரமாகவே ஒலிப்பர். ஒரு சொல்லின் முதலெழுத்து ஒலிக்கும் விதமே அது சென்ற பாதையைச் சொல்லிவிடுகிறது.

ஒலி ஒன்றாயிருப்பது கொண்டு உறவு பேசுதலும் ஆகாது என்பதற்குக் காசு ஒரு சான்று. சென்னையில் கும்பினியார் கணக்கில் 80 காசு ஒரு பணம்; 42 பணம் ஒரு வராகன். அந்தக் காசினைப் போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலேயர் 'கேஷ்' என்றனர். ரொக்கம் என்னும் பொருளில் நாம் நாள்தோறும் வழங்கும் கேஷ் வேறு சொல். அது பேழை எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. எழுத்தும் ஒலியும் ஒன்றே, குலம் வேறு.

இதற்கு மாறாக, உருவத்தால் வேறுபட்டும் குலத்தால் ஒன்றான சொற்களும் உள. சருக்கரை என்னும் பொருளுடைய 'ஷுகர்' என்னும் ஆங்கிலச் சொல், சர்க்கரா என்னும் வடசொல்லிலிருந்து பாரசீகம், அரபு, இலத்தீன், பிரெஞ்சு எனப் பல வாயில்களைக் கடந்து சென்றது. வெல்லத்தைக் குறிக்கும் 'ஜேகரி' என்பதும் அதே வடசொல்தான். ஆனால் அது மலையாளத்துச் சக்கரையாகிப் போர்த்துக்கீசியரோடு கப்பலேறிச் சென்றது. தரைவழி சென்ற அக்காளும் கடல்வழி சென்ற தங்கையும் இங்கிலாந்தில் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் சந்தித்தனர் எனலாம். நம் கற்கண்டில் உள்ள கண்டும், ஆங்கிலத்தார் மிட்டாய்க்கு வழங்கும் 'கேண்டி'யும் அவ்வாறே கண்டம் என்னும் ஒரு வடசொல்லின் வழிவந்தவை.

மட்டாஞ்சேரியின் பெருஞ்சரக்கான மிளகின் கதை இவற்றினும் வியப்பானது. 'பெப்பர்' என்னும் ஆங்கிலச் சொல் மிளகின் பெயரன்று, திப்பிலியின் பெயர். பிப்பலி என்னும் வடசொல் கிரேக்கர்க்குப் 'பெப்பெரி'யாகவும் உரோமர்க்குப் 'பிப்பெர்' ஆகவும் ஆகி, மிளகின்மேல் ஏறி அமர்ந்துவிட்டது. பின்னர்க் கொலம்பஸ் அமெரிக்காவிற் கண்ட காரமான காய்க்கும் ஐரோப்பியர் அதே பெயரைச் சூட்டினர். இதனைக் கேட்டு நாம் நகைக்க இயலாது. போர்த்துக்கீசியர் கொணர்ந்த அக்காய்க்கு நாமும் மிளகின் பெயரையே கூட்டி, மிளகாய் என்று பெயரிட்டோம். புதுப்பொருளைக் கண்டபோது பழஞ்சரக்கின் பெயரை நீட்டி வழங்கியதில் இரு மொழியாரும் ஒரே வழியிற் சென்றனர். கறி என்னும் சொல் சங்க காலத்தில் மிளகைக் குறித்தது. பின்னர்ச் சோற்றோடு உண்ணும் பதார்த்தத்தைக் குறித்தது. ஹன்னா கிளாஸ் என்னும் அம்மையார் 1747இல் வெளியிட்ட ஆங்கிலச் சமையல் நூலில் அது 'கரி' என்ற ஒலியோடு இடம்பெற்றுவிட்டது. 'ஜிஞ்சர்' என்பதோ இஞ்சிவேர் என்னும் தென்னாட்டுத் தொடர் பாலியிலும் வடமொழியிலும் புகுந்து, கிரேக்கம், இலத்தீன் வழியே சென்று அடைந்த உருவம் என ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர்.

இதுகாறும் கூறியவை போகிற போக்கிற் கேட்ட செவிகளின் கதை. நின்று கேட்ட செவியும் ஒன்று கொச்சியில் இருந்தது. டச்சுக்காரரின் மலபார்த் தலைவராக இருந்த வான் ரீடு என்பார், இந்நாட்டு மரஞ்செடி கொடிகளைப் பற்றிப் பெருநூல் ஒன்று தொகுக்க முனைந்தார். 'ஹோர்ட்டுஸ் மலபாரிக்கஸ்' என்னும் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. சேர்த்தலைப் பக்கத்துக் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியரும், ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி வைத்தியர் மூவரும் அதற்குத் துணைபுரிந்தனர். செடிகளின் பெயர்களை இலத்தீன் எழுத்தில் மட்டும் எழுதி அமையாமல், மலையாளம், அரபு, நாகரி எழுத்துகளிலும் படங்களின்மேல் பொறித்தனர். பலாமரத்தின் பெயரில் வரும் சகரத்தைத் தம் எழுத்திற் காட்டுவதற்கு டச்சு முறைப்படி டி, எஸ், ஜே என மூன்று எழுத்துகளைக் கோத்தனர். இட்டி அச்சுதன் 1675இல் எழுதிக் கொடுத்த உறுதிமொழியும் அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியது. பெயரைச் சொன்னவரின் பெயரையும் எழுதி வைத்த நூல் அது. மணிலால் என்னும் பயிர்நூற் பேராசிரியரின் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

ஆங்கிலேயருள்ளும் இத்தகைய அக்கறை உடையோர் இருந்தனர். தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னல் என்பாரும் ஹென்றி யூல் என்பாரும் சேர்ந்து, இந்தியாவில் வழங்கிய ஆங்கிலச் சொற்களுக்கு ஓர் அகராதி தொகுத்தனர். பர்னல் 1882இல் மறைந்தார். நூல் 1886இல் வெளிவந்தது. அதற்கு 'ஹாப்சன் ஜாப்சன்' என்று பெயரிட்டனர். அப்பெயர் யாது? மொகரம் ஊர்வலத்தில் 'யா ஹஸன், யா ஹுஸைன்' என்று எழுந்த குரலை வெள்ளைச் சிப்பாய்கள் தம் நாட்டு மனிதர் இருவர் பெயர் போலத் திரித்து வழங்கியதே ஆகும். கிடங்கு என்பதோடு உறவுடையதாய், மலாய் மொழி வழியே சென்ற சொல்லும் அவ்வாறே 'கோடௌன்' ஆகி, கீழே இறங்கிப் போ என்னும் ஆங்கிலத் தொடரின் கோலத்தைப் பூண்டது. தெரியாத ஒலியைத் தெரிந்த சொல்லாக மாற்றிக்கொள்வது மனித இயல்பு.

அவ்வியல்பு நமக்கும் உண்டு. போர்த்துக்கீசியரின் 'ஜனெலா' நம் வீட்டில் சன்னல் ஆயிற்று. 'ஷாவி' சாவியாயிற்று. 'மேசா' மேசை, 'அர்மாரியோ' அலமாரி, 'அனனாஸ்' அன்னாசி. கொச்சியிலும் பிற துறைகளிலும் சரக்குகளைக் கூவி விற்ற 'லெய்லாவ்' என்னும் முறை, முதலெழுத்தை இழந்து ஏலம் என்று நம் நாவில் நிலைத்தது. டச்சுக்காரரின் 'டாய்ட்' என்னும் செம்புக்காசு துட்டாகி, இன்றும் நம் மடியில் இருக்கிறது. இவற்றைத் தமிழ் என்றே எண்ணி வழங்குகிறோம். ஒலித் திரிபு ஏளனத்திற்குரியது என்றால், அந்த ஏளனம் கடலின் இரு கரைக்கும் பொதுவாகும்.

ஆயினும் ஒலி திரிவதை விடப் பொருள் திரிவது கொடிது. 'கூலி' என்னும் ஆங்கிலச் சொல், செய்த வேலைக்குப் பெறும் ஊதியத்தைக் குறிக்கும் நம் சொல்லிலிருந்து வந்தது என்பர் ஒரு சாரார். குஜராத்தின் கோலி இனத்தார் பெயரிலிருந்து வந்தது என்பர் மற்றொரு சாரார். மூலம் எதுவாயினும் முடிவு ஒன்றே. நமக்குக் கூலி என்பது உழைப்பின் மதிப்பு. அவர்களுக்கோ அது உழைப்பவனையே குறிக்கும் வசைச்சொல். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்னும் கப்பல் நேட்டால் சென்றது முதல், தென்னாப்பிரிக்காவில் இந்தியர் அனைவர்க்கும் அப்பெயர் ஒட்டிக்கொண்டது. தம்மைக் கூலிப் பாரிஸ்டர் என்று அழைத்ததைக் காந்தியடிகள் தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். தமிழர் பெயர்களின் ஈற்றில் வரும் சாமி என்பதையும் அங்குள்ள வெள்ளையர் இழிபெயராக்கினர். சாமி என்றால் தலைவன் என்று பொருள். நான் உமக்குத் தலைவன் அல்லேன் என்று நம்மவருட் சமயோசிதம் உடையோர் விடையிறுத்ததையும் அடிகள் குறித்துள்ளார். சொல்லின் பொருள் தெரிந்திருந்தமை அவர்களுக்கு ஒரு கேடயமாயிற்று.

இன்னொரு சொல்லும் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. பறையர் என்னும் பெயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கிலத்திற் புகுந்து, 'பரையா' என்னும் ஒலியோடு, சமூகத்தால் ஒதுக்கப்பட்டவர் எவர்க்கும் உரிய பெயராகிவிட்டது. பறை முழக்கியோர் பெயர் அது. ஒதுக்கம் என்னும் பொருளை அதனோடு சேர்த்து அனுப்பியவர் அயலார் அல்லர், நம் ஊர்களே. மாங்கனியின் பெயர் உலகெங்கும் சென்றதற்கு மகிழ்கின்ற நாம், இப்பெயர் சென்ற விதத்திற்கு நாணவும் வேண்டும். அச்சொல்லை ஆங்கிலம் பேசுகையில் எளிதாக எடுத்தாளாமல் விடுவதே நாம் செய்யக்கூடிய சிறு ஈடு.

மட்டாஞ்சேரித் துறையிலேயே ஒரு சொல்லுக்காக உயிர்கள் போனதுண்டு. முத்திரை என்னும் பொருளுடைய 'சாப்' என்னும் இந்திச் சொல் ஆங்கில வணிகரிடம் சரக்கின் தரத்தைக் காட்டும் சொல்லாயிற்று. போர்த்துக்கீசியத்தில் உலோகத் தகட்டுக்கு ஏறத்தாழ இதே ஒலியுடைய பெயர் உண்டு. இவ்விரண்டின் சாயலையும் கொண்டது கொச்சித் துறைமுகத்தின் 'சாப்பா'. அது சரக்கின்மேல் இட்ட முத்திரை அன்று. அன்றைக்கு யாருக்கு வேலை என்பதைக் காட்டும் உலோக வில்லை. மூப்பன்மார் அந்த வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசுவர். முண்டியடித்துப் பிடித்தவனுக்கு வேலை. பிடிக்காதவன் வீட்டில் அன்று அடுப்பெரியாது. இம்முறையை எதிர்த்துத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். 1953 செப்டம்பர் 15ஆம் நாள் மட்டாஞ்சேரியில் துப்பாக்கிச் சூடு நடந்தது. அப்போராட்டத்தில் உயிர்நீத்த தொழிலாளர் மூவரை அவ்வூரார் இன்றும் நினைவு கூர்கின்றனர். சாப்பா முறை பின்னர் ஒழிந்தது. அகராதியில் ஒரு வரியாக நிற்கும் சொல், துறைமுகத்தில் ஒரு குடும்பத்தின் சோறாகவும் இருக்கும் என்பதை இதனால் உணர்கிறோம்.

மட்டாஞ்சேரியை அடுத்த கோட்டைக் கொச்சியில், வெளி என்னும் பகுதியில், தமிழ் வண்ணார் சமூகத்தாரின் சலவைத்துறை ஒன்று இருக்கிறது. டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோர் அழைத்து வரப்பட்டனர் என்று அவர்கள் கூறுவர். அழைத்துவந்த டச்சுக்காரர் போய்விட்டனர். பின்னர் ஆண்ட ஆங்கிலேயரும் போய்விட்டனர். மலையாள நாட்டில் தலைமுறை பல கழிந்தும் தமிழ் அங்கே கேட்கிறது. அத்தமிழில் மலையாளத்தின் சாயல் விழுந்திருப்பின், அதனைக் குறை என்று யார் கூற வல்லார்?

பிற மாநிலங்களில் வாழும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலம் கற்கையில், இச்சொற்களை ஒவ்வொன்றாக அவர்களுக்கு எடுத்துச் சொல்லலாம். கொய்ர் என்று திருத்தமாக ஒலிக்கக் கற்பிப்போம். அது கயிறு என்பதையும் கூறுவோம். பீட்டில் என்பது வெற்றிலை என்றும், ஜேக் என்பது பக்கத்து வீட்டு மலையாளியின் சக்கை என்றும் கூறுவோம். தமதல்லாததைத் தமதென்று சொல்லாத நேர்மையும், தம் நாவின் ஒலிக்காக நாணாத துணிவும் அப்பாடத்திலேயே அவர்களுக்குச் சேர்ந்து கிடைக்கும்.